டி.என்.ஏ. மீதான வேதிக்குறி நீங்கினால் விழித்தெழும் மைக்ரோ ஆர்.என்.ஏ.

பிற மரபணுக்களின் செயல்பாட்டைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டறிந்தமைக்காக விக்டர் அம்புரோஸ், கேரி ருவ்குன் ஆகியோருக்கு 2024-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால், உயிரணுவில் அதன் உற்பத்தியைக் கட்டுப்படுத்துவது எது?

சுமார் 22 எழுத்துகளே கொண்ட இந்த ஆர்.என்.ஏ.வும் டி.என்.ஏ.விலிருந்தே நகலெடுக்கப்படுகிறது. நகலெடுப்பு தொடங்கும் பகுதியில் மெத்தில் எனும் வேதிக்குறிகள் திரண்டால் அப்பணி பெரும்பாலும் தடைபடுகிறது. டி.என்.ஏ.வின் எழுத்து ஒன்றுகூட மாறுவதில்லை என்பதே இதில் வியப்பு.

அமெரிக்காவின் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் உயிரணுக்களில் இரு மருந்துகளைச் செலுத்தி, 2006-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒன்று மெத்தில் குறிகளைக் குறைப்பது; மற்றொன்று, டி.என்.ஏ. சுற்றப்பட்டுள்ள ஹிஸ்டோன் புரதங்களின் இறுக்கத்தைத் தளர்த்துவது. ஆராயப்பட்ட 313 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் 17-இன் அளவு மும்மடங்குக்கும் மேல் உயர்ந்தது. அவற்றுள் ஒன்றான மிர்-127, இயல்பான உயிரணுக்களில் காணப்படுவது. புற்றுநோய் உயிரணுக்களில் அடங்கிக் கிடந்தது. அது மீண்டும் உருவானதும், புற்றுநோயைத் தூண்டக்கூடிய பிசிஎல்6 புரதம் குறைந்தது.

அவற்றுள் முதல் மருந்தான டெசிடபின், எலும்பு மஜ்ஜையைத் தாக்கும் மைலோடிஸ்பிளாஸ்டிக் நோய்க்கு அமெரிக்காவில் அதே 2006-இல் அனுமதி பெற்றது. எனினும் அது வேண்டிய இடத்தை மட்டும் தேர்ந்து குறிகளை நீக்குவதில்லை. அடங்கியிருக்க வேண்டிய மரபணுக்களும் உடன் விழித்தெழக்கூடும்.