கஞ்சியில் பிறக்கும் உறை

அரிசி மாவைக் கரைத்து, இலையில் மெல்லியதாகப் பூசி, ஆவியில் வேகவைத்து உரித்தெடுக்கும் இலை வடாம் நம் இல்லங்களுக்குப் புதிதல்ல. உணவுப் பண்டங்களைப் பொதிவதற்காக விஞ்ஞானிகள் இன்று செய்துவரும் மாவுச்சத்து ஏடும் ஏறக்குறைய அவ்விதமே பிறக்கிறது.

இதற்கு முழு அரிசி தேவையில்லை. ஆலையில் உடைந்து விழும் குருணையே போதும். அதில் நூற்றுக்குச் சுமார் 80 பங்கு மாவுச்சத்து. குருணை மாவை நீரில் கலந்து 70 டிகிரிக்கு மேல் காய்ச்சினால் கூழாகும். சிறிது கிளிசரின் சேர்த்துப் பரப்பி உலர்த்தினால், மடித்தாலும் முறியாத ஏடு கிடைக்கும். கிளிசரின் இல்லாவிடில் அப்பளம்போல் நொறுங்கிவிடும். மண்ணில் புதைத்தால் நுண்ணுயிர்கள் அதை உண்டு தீர்த்துவிடும்.

ஆனால் பெருங்குறை ஒன்றுண்டு. ஈரம் பட்டால் ஏடு குழைந்துவிடும்; முறுக்கு பொதியலாம், சாம்பார் கட்ட இயலாது. மெழுகு பூசியும், நார் கலந்தும் இக்குறையைத் தணிக்க முயல்கிறார்கள். அந்த நாரை நெல்லின் உமியிலிருந்தே எடுக்கலாம்.

1967-ல் திருவாரூரில் நெல் பதன ஆராய்ச்சிக்கெனத் தோன்றிய சிறு கூடம், இன்று தஞ்சையில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிலையமாக விளங்குகிறது. உமித்தூளைக் கொண்டு உறை வார்க்கும் ஆராய்ச்சியும் அங்கே நடந்திருக்கிறது.

எறிந்துவிடும் பிளாஸ்டிக் பைகளையும் தாள்களையும் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடுத்தது. சட்டம் மட்டும் வாய்க்கால்களைச் சுத்தமாக்கிவிடாது. கடைக்காரர் கைக்கு மலிவான மாற்றுப் பொருள் வந்து சேரவேண்டும். குருணை ஏழையின் கஞ்சியுமாகும் என்பதை மறவாமல், மிஞ்சியதைக் கொண்டே அதைச் செய்ய வேண்டும். அதுவரை ஈரப் பண்டங்களுக்குக் காவிரிக் கரையின் வாழையிலை இருக்கவே இருக்கிறது. அதை நாம் கைவிடலாகாது.