கொடும்பாளூர் வேளிரும் அடியார் வழிபாடும்

பெருவீரரைத் தெய்வமாகப் போற்றும் வழக்கம் பல நாடுகளிலும் உண்டு. சீன நாட்டுப் படைத்தலைவன் குவான் யூ கி.பி. 3-ஆம் நூற்றாண்டிற் பகைவராற் கொல்லப்பட்டான். அவன் தலை அடக்கஞ்செய்யப்பட்டதாகக் கூறப்படும் சமாதியும் அதனோடமைந்த கோயிலும் லோயாங் நகரில் உள்ளன. 1614-இல் மிங் பேரரசர் அவனுக்குப் பேரரசன் என்னும் தெய்வப் பட்டமும் சூட்டினார். பழந்தமிழரும் போரிற் பட்ட மறவர்க்குக் கல் நட்டு வழிபட்டனர். புதுக்கோட்டை மாவட்டத்துப் பொற்பனைக்கோட்டையில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகல் ஒன்று கிடைத்துள்ளது. இவ்வீர வழிபாட்டிற்கும் சைவர்தம் அடியார் வழிபாட்டிற்கும் உள்ள வேற்றுமையை அம்மாவட்டத்துக் கொடும்பாளூர் தெளிவுறக் காட்டும்.

விராலிமலையை அடுத்துள்ள இவ்வூர் இருக்குவேளிரின் தலைநகர். இங்குள்ள மூவர் கோயிலை எடுப்பித்தவன் பூதிவிக்கிரமகேசரி என்னும் வேள். மூன்று விமானங்களுள் இரண்டே இன்று நிற்கின்றன. மற்றொன்றின் அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது. அக்குலத்தாரின் போர்வெற்றிகளை நிரலே ஓதும் வடமொழிக் கல்வெட்டு, தன் பெயராலும் கற்றளி, வரகுணை என்னும் தேவியர் பெயராலும் அவன் இவற்றை அமைத்தமை கூறும். பெயர் மூவருடையதாயினும் உள்ளே எழுந்தருளுவித்தது மகேசுவரனையே. காளாமுக ஆசாரியர் மல்லிகார்ச்சுனர்க்கு மடம் ஈந்து, தவசியர் ஐம்பதின்மர்க்கு அமுதளிக்க ஊர் பதினொன்றும் விட்டான்.

இக்குலத்துச் சிறியவேளான் சுந்தர சோழன் காலத்தே ஈழப் போரில் உயிர் துறந்தான். அவன் பெயரைக் கல்வெட்டுக் காட்டும். அறுபத்துமூவருள் வைத்துத் தொழப்படுபவரோ இவ்வூரில் அரசு வீற்றிருந்த இடங்கழி நாயனார். அடியார்க்கு அமுதூட்டப் பொருளின்றி அரண்மனை நெல்லைக் கவர்ந்த அன்பர் ஒருவரைக் காவலர் பிடித்து வந்து நிறுத்தினர். காரணம் கேட்டறிந்த நாயனார் அவரை விடுவித்ததோடு, அடியார் யாவரும் நெல்லேயன்றி நிதியையும் கொள்க எனப் பறையறைவித்தார்.

களவு செய்தாரை ஒறுத்தலன்றோ அரச நீதி எனின், அற்றன்று. நாயனார் களவை நன்றெனக் கொண்டாரல்லர்; தம் பண்டாரத்தை அடியார்க்கு உரியதாக்கினார். 'எனது' என்பது நீங்கியவிடத்துக் களவு என்பதும் இல்லையாயிற்று. வீரர் வெல்வது பகைவர் நாட்டை. நாயனார் வென்றது யான் எனது என்னும் செருக்கை. அச்செருக்கு ஆணவ மலத்தின் செயல். மலம் நீங்கினாரிடத்துச் சிவமே விளங்குதலின், அவர் திருவேடத்தைச் சிவனாகவே கொண்டு வழிபடுமாறு சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம் பணிக்கும். ஆகலின் அடியாரை வணங்குதல் மனிதரைத் தெய்வமாக்குதல் அன்றென்க.

நாயனாரின் குருபூசை ஐப்பசித் திங்கட் கார்த்திகை நாளில் நிகழும். அந்நாளிற் பசித்து வந்த அடியார்க்கு அமுதளித்தலே அவர்க்கு உவப்பான வழிபாடாம்.