10 வெற்றி, 9 தோல்வி: ஒரு பிட்ச்சரின் கணக்கை எப்படிப் படிப்பது?

(ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

போன எபிசோட்ல பேட்டிங் ஆவரேஜை ஏன் முழுசா நம்பக்கூடாதுன்னு பேசினோம். கேட்டுட்டு நண்பர் ஒருத்தர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "ஆவரேஜ் சரி, விட்டுடலாம். ஆனா பிட்ச்சருக்கு வெற்றி-தோல்வின்னு ஒரு கணக்கு இருக்கே, அதுவுமா தப்பு? ஜெயிக்கத்தானே எல்லாரும் விளையாடுறாங்க?"

நியாயமான கேள்வி. நானும் பேஸ்பால் பார்க்க ஆரம்பிச்ச புதுசுல அந்தக் கணக்கைத்தான் முதல்ல பார்ப்பேன். என்னை மாத்தினது ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு சீசன். நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜேக்கப் டிகிராம், 2018. இன்னைக்கு அவரை வச்சே பேசலாம்.

"வின்" யார் பேருக்குப் போகுது?

முதல்ல விதி. ஆட்டத்தைத் தொடங்குற பிட்ச்சருக்கு ஒரு வெற்றி கிடைக்கணும்னா மூணு விஷயம் நடக்கணும். அவர் குறைஞ்சது 5 இன்னிங்ஸ் வீசணும். அவர் வெளியே போகும்போது அவரோட அணி முன்னிலையில இருக்கணும். அதுக்கப்புறம் வர்ற பிட்ச்சர்கள் அந்த முன்னிலையைக் கடைசி வரைக்கும் விடாம காப்பாத்தணும்.

கவனிச்சீங்களா? இந்த மூணுல முதல் விஷயம்தான் பெரும்பாலும் அவர் கையில இருக்கு. ரெண்டாவதுல பாதி அவரோட பேட்ஸ்மேன்கள் கையில. மூணாவது முழுக்க மத்தவங்க கையில.

கிரிக்கெட்ல யோசிச்சுப் பாருங்க. ஒரு பவுலர் 4 ஓவர்ல 15 ரன் கொடுத்து 3 விக்கெட் எடுக்கிறார். அவரோட அணி 90 ரன்னுக்கு ஆல் அவுட் ஆகித் தோத்துடுது. அந்தத் தோல்வியை யாராவது பவுலர் பேர்ல எழுதுவோமா? பேஸ்பால்ல நூறு வருஷத்துக்கும் மேலா அப்படித்தான் எழுதிட்டு இருக்காங்க.

2018-ல என்ன நடந்தது?

அந்த வருஷம் டிகிராம் 32 ஆட்டங்களைத் தொடங்கினார். மொத்தம் 217 இன்னிங்ஸ், 269 ஸ்ட்ரைக்அவுட், வெறும் 46 வாக். சீசனோட கடைசி 24 ஆட்டங்கள்லயும் தொடர்ந்து "குவாலிட்டி ஸ்டார்ட்". அதாவது குறைஞ்சது 6 இன்னிங்ஸ் வீசி, அதிகபட்சம் 3 ரன்தான் அவர் கணக்குல ஏறியிருக்கு.

இப்போ அவரோட வெற்றி-தோல்விக் கணக்கைப் பாருங்க: 10 வெற்றி, 9 தோல்வி. மீதி 13 ஆட்டங்கள்ல அவர் பேருக்கு எதுவுமே இல்ல. அவர் தொடங்கின 32 ஆட்டங்கள்ல மெட்ஸ் ஜெயிச்சது 14, தோத்தது 18. லீக்லயே சிறந்த பிட்ச்சர் பந்து வீசின நாட்கள்லயும் அந்த அணி பாதிக்கு மேல தோத்திருக்கு.

இந்த 10-9ஐ மட்டும் பார்க்கிற ஒருத்தர் "சுமாரான ஆள்"னு கடந்து போயிடுவார். எனக்கு உறுத்துறது அதுதான்.

அப்போ எதைப் பார்க்கிறது?

பழைய கணக்குகள்லயே இதைவிட நல்லது ஒண்ணு இருக்கு: இ.ஆர்.ஏ. ஒன்பது இன்னிங்ஸுக்கு அந்தப் பிட்ச்சர் சராசரியா எத்தனை ரன் கொடுத்தார்ங்கிற கணக்கு. ஃபீல்டர்களோட பிழையால வந்த ரன்னைக் கழிச்சிடுவாங்க. 2018-ல டிகிராம் கொடுத்த ரன் 41. அதை 217-ஆல வகுத்து 9-ஆல பெருக்கினா 1.70. 2-க்குக் கீழ இருந்தாலே அது அபூர்வம்.

ஆனா இ.ஆர்.ஏ.வும் முழுசா சுத்தமான கணக்கு இல்ல. பேட்ல பட்டு உள்ள விழுற பந்தை யார் பிடிக்கிறாங்கங்கிறது ஃபீல்டர்களோட வேகத்தையும் கொஞ்சம் அதிர்ஷ்டத்தையும் பொறுத்தது. வோரோஸ் மெக்ராக்கன்ங்கிற ஒரு ரசிகர் இதை 2000-ஐ ஒட்டின வருஷங்கள்ல கிளப்பினப்போ பெரிய சண்டையே நடந்தது. "ஒரு பந்து மைதானத்துக்குள்ள அடிபட்டுட்டா, அது ஹிட் ஆகுதா அவுட் ஆகுதாங்கிறதுல பிட்ச்சரோட பங்கு நாம நினைக்கிறதைவிட ரொம்பக் குறைவு"ங்கிறதுதான் அவர் வாதத்தோட சாரம். அதுலேருந்து வளர்ந்ததுதான் ஃபிப்னு சொல்ற கணக்கு. ஸ்ட்ரைக்அவுட், வாக், உடம்புல பட்ட பந்து, ஹோம் ரன் இது மட்டும்தான் அதுல சேரும். ஃபீல்டருக்கு அதுல வேலையே இல்ல. டிகிராமுக்கு அந்தக் கணக்கும் 2-ஐ ஒட்டித்தான் வருது. அதாவது 1.70 வெறும் அதிர்ஷ்டம் இல்ல.

ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். ஃபிப்பையும் வேதவாக்கா எடுத்துக்காதீங்க. எந்த எண்ணா இருந்தாலும் "இது யாரோட வேலையை அளக்குது?"ன்னு முதல்ல கேளுங்க. வின் கணக்கு அணியை அளக்குது. இ.ஆர்.ஏ. பிட்ச்சரையும் ஃபீல்டர்களையும் சேர்த்து அளக்குது. ஃபிப் பிட்ச்சரை மட்டும் தனியா எடுத்து அளக்கப் பார்க்குது.

ஓட்டுப் போடுறவங்க மாறின கதை

சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதைப் பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறாங்க. 1987-ல நோலன் ரயான் நேஷனல் லீக்லயே குறைஞ்ச இ.ஆர்.ஏ., அதிக ஸ்ட்ரைக்அவுட் ரெண்டும் வச்சிருந்தார். கணக்கு 8-16. விருது கிடைக்கல. 1990-ல அமெரிக்கன் லீக்ல பாப் வெல்ச் 27 வெற்றியோட வாங்கிட்டுப் போனார். அவரோட இ.ஆர்.ஏ. 2.95. அதே வருஷம் 1.93 வச்சிருந்த ராஜர் கிளெமென்ஸுக்கு 21 வெற்றிதான், அதனால கிடைக்கல.

2010-ல முதல் உடைப்பு. சியாட்டில் மரினர்ஸோட ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13-12 கணக்கோட விருது வாங்கினார். 21 வெற்றி வச்சிருந்த சி.சி. சபாத்தியா பின்னாடி நின்னார். 2018-ல டிகிராமுக்கு 30 முதலிட ஓட்டுல 29 கிடைச்சது. 18 வெற்றியும் 300 ஸ்ட்ரைக்அவுட்டும் வச்சிருந்த மேக்ஸ் ஷெர்ஸருக்கு ஒண்ணே ஒண்ணு. ரசிகர்களும் எழுத்தாளர்களும் முப்பது வருஷமா போட்ட சண்டை அன்னைக்கு முடிஞ்சதுன்னே சொல்லலாம்.

இளம் வீரர்களைக் கணிக்கிறதும் இதே சிக்கல்தான்

பிராஸ்பெக்ட் பட்டியலைக் கையில வச்சுக்கிட்டு சண்டை போடுற நண்பர்களுக்காக ஒரு நிமிஷம். டிகிராம் கல்லூரியில ஷார்ட்ஸ்டாப். பிட்ச்சிங் பக்கம் வந்ததே கடைசி வருஷத்துலதான். 2010 டிராஃப்ட்ல 9-வது சுற்று, மொத்தத்துல 272-வது ஆள். கொஞ்ச நாள்லயே முழங்கையில டாமி ஜான் அறுவை சிகிச்சை. மேல வந்தப்போ வயசு 25, ஒரு மாசத்துல 26. அந்த வயசுல வர்றவரைப் பட்டியல் போடுறவங்க பெருசா கண்டுக்க மாட்டாங்க.

மெட்ஸ் 2014 மே மாசம் ரஃபேல் மொன்டேரோவையும் அவரையும் சேர்த்து அழைச்சாங்க. பேச்செல்லாம் மொன்டேரோவைப் பத்தித்தான். டிகிராம் முதல் ஆட்டத்துல யாங்கீஸுக்கு எதிரா 7 இன்னிங்ஸ் வீசி ஒரே ரன் கொடுத்தார். மெட்ஸ் 0-1னு தோத்தது. தோல்வி அவர் பேர்ல! பின்னாடி வரப்போற கதை முதல் நாளே எழுதிட்ட மாதிரி. அந்த வருஷம் ரூக்கி ஆஃப் தி இயர் அவர்தான்.

இதனால பட்டியலே வீண்னு சொல்ல வரல. அதே டிராஃப்ட்ல முதல் ஆள் பிரைஸ் ஹார்ப்பர், மூணாவது மேனி மச்சாடோ. ரெண்டு பேரும் நட்சத்திரங்கள் ஆனாங்க. ஆனா அந்த நாள் வரைக்கும் தெரிஞ்சதை வச்சுத்தான் பட்டியல் போட முடியும். வேற இடத்துல நின்னு விளையாடிட்டு இருந்த ஒருத்தர் நாலு வருஷத்துல என்ன கத்துக்குவார்னு அதுல எழுதியிருக்காது.

இன்னும் முடியாத வழக்கு

இதெல்லாம் பழைய சண்டைதானே, இப்ப எதுக்குன்னு கேக்கலாம். இதே கேள்வி ஹால் ஆஃப் ஃபேம் வாசல்ல திரும்ப வரும், அதான். 2024 சீசன் முடிவுல டிகிராமுக்கு மொத்தம் 84 வெற்றி. 254 வெற்றி வச்சிருந்த ஜாக் மாரிஸ், 3.90 இ.ஆர்.ஏ.வோட அதே 2018-ல உள்ள போனார். "முன்னிலையில இருக்கும்போது மாரிஸ் வேணும்னேதான் ரன் விட்டுக்கொடுப்பார்"னு அவருக்காக ஒரு வாதம் உண்டு. அவர் ஆட்டங்களை ஒவ்வொண்ணா பிரிச்சுப் பார்த்தவங்களுக்கு அப்படி ஒண்ணும் தென்படல.

டிகிராமுக்கு எதிரா ஒரு நல்ல வாதம் இருக்கு, ஆனா அது வெற்றிக் கணக்கு இல்ல. 2021-ல 1.08 இ.ஆர்.ஏ.வோட வீசிட்டு இருந்தவர் 15 ஆட்டத்தோட காயத்துல உட்கார்ந்தார். 2023-ல டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியில 6 ஆட்டம், அப்புறம் மறுபடி முழங்கை அறுவை சிகிச்சை. 2024-ல 3 ஆட்டம். அதுவரைக்கும் மொத்தமே 1,400 இன்னிங்ஸுக்குக் குறைவு. கை வலியால 30 வயசுல ஓய்வு பெற்ற சாண்டி கோஃபாக்ஸ்கூட 2,300 இன்னிங்ஸுக்கு மேல வீசியிருக்கார்.

"இன்னிங்ஸ் பத்தாது"ன்னு யாராவது சொன்னா நான் உட்கார்ந்து பேசத் தயார். அது அவர் வீசினதைப் பத்தின கேள்வி. "வெற்றி பத்தாது"ன்னு சொன்னா, அது அவரோட அணி அடிக்காததைப் பத்தின கேள்வி. அதுக்கு அவரை ஏன் கூண்டுல ஏத்தணும்?

கேள்வி அனுப்பின நண்பருக்கு என் பதில் இதுதான்: ஆமா, ஜெயிக்கத்தான் விளையாடுறாங்க. ஆனா ஜெயிக்கிறது அணி. அடுத்த தடவை ஸ்கோர்கார்டுல பிட்ச்சர் பேர் பக்கத்துல ஒரு "தோல்வி" பார்த்தீங்கன்னா, அவர் எத்தனை ரன் கொடுத்தார்னு ஒரு கோடு தள்ளிப் பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.