ஊசிக்குத் தேதி இருந்தது, எடைக்கு இல்லை
புறநகர் உடல்நலம் – தொடர் 8

சென்ற வாரம் தாம்பரம் சானடோரியத்தில் நிறுத்தியிருந்தோம். 1928-இல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய அந்த மருத்துவமனை, 2020-இல் கொரோனா நோயாளிகளுக்குப் படுக்கை கொடுத்ததைப் பார்த்தோம். படுக்கை, ஆக்சிஜன், ஆம்புலன்ஸ் எல்லாம் அன்றாடம் செய்தியில் வந்தன. அதே மாதங்களில் சேலையூரிலும் முடிச்சூரிலும் பம்மலிலும் கைக்குழந்தையாக இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்ற பேச்சு மட்டும் அதிகம் எழவில்லை. அதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

சாதாரண நாளில் குழந்தைகளைக் கவனிக்கும் வேலை எப்படி நடக்கிறது? ஒரு பெண் கருவுற்றதும் சுகாதார செவிலியர் அவர் பெயரைப் பதிந்து பிக்மி என்னும் கர்ப்பப் பதிவு எண் வாங்கித் தருகிறார். குழந்தை பிறந்ததும் பிசிஜி, போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி. அதன் பிறகு, அம்மாக்கள் வாயில் புழங்குகிற 'ஒன்றரை மாசம், ரெண்டரை மாசம், மூன்றரை மாசம்' ஊசிகள். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா, ஒன்றரை வயதில் பூஸ்டர். புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்றைக்கு வராத குழந்தையின் வீட்டுக்கு நர்ஸம்மா போன் செய்வார். எடுக்காவிட்டால் நேரிலேயே போய் நிற்பார்.

இன்னொரு பக்கம் அங்கன்வாடி. நம் ஊர்க்காரர்களுக்கு இன்றும் அது பால்வாடிதான். மாதா மாதம் எடை போட்டு வளர்ச்சி அட்டையில் குறிப்பது, சத்துமாவு கொடுப்பது, மதியம் சாதமும் முட்டையும் போடுவது எல்லாம் அங்கே ஒரு டீச்சரும் ஓர் ஆயாவும் பார்க்கிற வேலை. தமிழ்நாட்டில் இப்படி 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன.

தாம்பரம் பக்கத்துக்கு இதில் ஒரு கூடுதல் சிரமம் உண்டு. சமவெளிப் பகுதியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கிராமத்தை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. ஏரிக்கரை வயல்கள் அடுக்குமாடிகளாக மாறிய ஊராட்சிகளில் மக்கள்தொகை அந்தக் கணக்கை என்றோ தாண்டிவிட்டது. கட்டடம் கட்ட வந்த ஒடிசா, பீகார் குடும்பங்கள் ஒரு வேலையிடம் முடிந்ததும் அடுத்ததற்குப் பெயர்ந்துவிடுகின்றன. போதாததற்கு, 2019 நவம்பரில்தான் செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்திருந்தது. புது மாவட்டத்துக்கு நான்கு மாதம்கூட ஆகவில்லை, ஊரடங்கு வந்துவிட்டது.

2020 மார்ச் 25 முதல் நாடே அடங்கியது. ஜூன் 19-இல் சென்னையோடு சேர்த்துத் தாம்பரம், பல்லாவரம் பகுதிகளும் மறுபடி முழுமையாக மூடப்பட்டு, அது ஜூலை 5 வரை நீண்டது. பிரசவ அறையில் போடுகிற ஊசி நிற்கவில்லை. ஆனால் நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் தடுப்பூசி முகாம் நடத்தக் கூடாது, தானாக நிலையத்துக்கு வருகிற குழந்தைக்கு மட்டும் போடலாம், தடை நீங்கிப் பதினான்கு நாள் கழிந்த பிறகே முகாமைத் தொடங்கலாம் என்று மே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் விதி வகுத்தது. பேருந்து ஓடாத நாளில், தெரு முனையில் தகரம் அடித்திருக்கும்போது, பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எந்தத் தாய் தானாக வருவாள்?

அப்படியே வந்தாலும், மருந்துக் குப்பிக்கென்று ஒரு விதி இருக்கிறது. பிசிஜியும் தட்டம்மை-ரூபெல்லாவும் பொடியாக வருபவை. கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். அதனால்தான் புதன்கிழமை என்று ஒரு நாளைக் குறித்து எல்லோரையும் சேர்த்து வரவழைக்கிறார்கள். நோய்க்காலத்தில் கூட்டம் சேரக் கூடாது. சிலரை மட்டும் வரச் சொன்னால் மருந்து வீணாகும், பலரை வரச் சொன்னால் தொற்றுக்கு அஞ்ச வேண்டும். இந்த இக்கட்டைத் தீர்க்கும் பொறுப்பு மேசைக்குப் பின்னால் நின்ற செவிலியரின் தலையில் விழுந்தது.

அந்தச் செவிலியருக்கும் அங்கன்வாடி டீச்சருக்கும் அன்று இருந்தது ஒரே வேலையா? காய்ச்சல் முகாம், வீடு வீடாகக் கணக்கெடுப்பு, தனிமையில் இருப்பவர்களைக் கண்காணிப்பது என்று எல்லாம் அவர்கள் கைக்கே வந்தன. 2021 ஜனவரி 16-இல் கொரோனா தடுப்பூசி தொடங்கியது. அதற்காக மறுநாள் நடக்கவிருந்த போலியோ சொட்டு மருந்து நாள் ஜனவரி 31-க்குத் தள்ளிப்போனது. அந்த ஆண்டு செப்டம்பர் 12-இல் நடந்த முதல் கொரோனா தடுப்பூசி மெகா முகாமில் மட்டும் தமிழ்நாட்டில் 28 லட்சம் பேருக்கு மேல் ஊசி போட்டார்கள். பெருமைப்பட வேண்டிய உழைப்பு அது. ஆனால் அந்தக் கைகள் குழந்தைகளிடமிருந்து எடுக்கப்பட்ட கைகள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

விளைவு நாடு முழுவதும் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் தரும் மதிப்பீட்டின்படி, தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னிக்கான முதல் ஊசிகூடக் கிடைக்காத இந்தியக் குழந்தைகள் 2019-இல் சுமார் 14 லட்சம். 2020-இல் அது 30 லட்சமானது. 2022-க்குள் 11 லட்சமாக இறங்கியது. தவறியவர்களைத் தேடிப்பிடிக்க 'இந்திரதனுஷ்' சிறப்பு முகாம்கள் நடந்தன. ஆனாலும் இடையில் விழுந்த ஓட்டை சும்மா இருக்கவில்லை. 2022 இறுதியில் மும்பையில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தார்கள். அதோடு, பிசிஜி ஒரு வயதுக்குள், தட்டம்மை-ரூபெல்லா ஐந்து வயதுக்குள் என்று அரசுத் திட்டத்தில் ஊசிக்கு ஊசி வயது வரம்பு உண்டு. அந்த வயது தாண்டினால் தாண்டியதுதான்.

தமிழ்நாட்டில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 89.2 விழுக்காடு என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. முந்தைய ஆய்வில் இது 69.7 ஆக இருந்தது. பெரிய முன்னேற்றம். ஆனால் இந்த எண்ணைக் காட்டி 'கொரோனாவால் நமக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இங்கே கள ஆய்வு 2020 மார்ச் 21-இல் நின்று, டிசம்பர் 21-இல் மீண்டும் தொடங்கி, 2021 மார்ச்சில் முடிந்தது. எண்ணப்பட்டவர்கள் 12 முதல் 23 மாதக் குழந்தைகள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏப்ரல் 2020-க்குப் பிறகு பிறந்த ஒரு குழந்தைகூட இந்த எண்ணுக்குள் இல்லை.

ஊசிக்காவது அட்டை, தேதி, பட்டியல் எல்லாம் இருந்தன. விட்டுப்போனவர் யார் என்று தெரிந்தது, தேட முடிந்தது. எடைக்கு வளர்ச்சி அட்டை இருந்தது, விட்டுப்போனவரைத் தேடும் பட்டியல் இல்லை. 2020 மார்ச்சில் மூடிய அங்கன்வாடிகள் மதிய உணவுக்காகத் திறந்தது 2021 செப்டம்பரில். அரிசியும் பருப்பும் சத்துமாவும் வீட்டுக்குப் போயின, தராசு போகவில்லை. வேலையிழந்த வீட்டில் அந்த மாவு குழந்தைக்கு மட்டும் கரைக்கப்பட்டதா, குடும்பமே பகிர்ந்துகொண்டதா என்று பார்க்க ஆளில்லை. ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளின் கண், காது, இதயம் பார்க்கிற நடமாடும் மருத்துவக் குழு, மையமே மூடியிருக்கும்போது எங்கே போய்ப் பார்க்கும்?

பேச்சு வராத பிள்ளையை முதலில் கண்டுகொள்பவர் பெரும்பாலும் பால்வாடி டீச்சர். இருபது பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்துப் பார்ப்பதால் ஒருவன் பின்தங்குவது அவருக்குப் புலப்படும். ஊரடங்கில் ஒற்றை அறையில் ஒற்றைப் பிள்ளையோடு இருந்த தாய்க்கு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழந்தை இல்லை. தவறிய ஊசியை வயது வரம்புக்குள் பிறகு போட்டுவிடலாம். முதல் ஆயிரம் நாளில் தவறிய வளர்ச்சியை அப்படி மீட்டுவிட முடியாது. ஊட்டக்குறைவுள்ள பிள்ளைகளைக் கண்டெடுத்துக் கவனிக்கும் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் 2022 மே மாதம் வந்தது. நல்ல திட்டம். ஆனால் ஊரடங்கின் முதல் நாளில் பிறந்த குழந்தைக்கு அதற்குள் இரண்டு வயது கடந்துவிட்டது.

நோய்கள் மறுபடி வரும். அதற்குள் செய்து முடிக்க வேண்டியவை நான்கு. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எந்த அவசரத்துக்கும் இடம் மாற்றக் கூடாத குழந்தைநலச் செவிலியர் ஒருவர் வேண்டும். விட்டுப்போன ஊசிக்கு இருப்பதுபோல விட்டுப்போன எடைக்கும் ஒரு பட்டியல் வேண்டும். மையத்தை மூடினாலும் தராசு வாசலுக்கு வர வேண்டும். 2021 நவம்பரில் மாநகராட்சியான தாம்பரத்திலும் அதைச் சுற்றிய ஊராட்சிகளிலும், பழைய கிராமக் கணக்கை விட்டு, இன்று குடியிருக்கும் தலைகளை எண்ணி, வெளிமாநிலப் பிள்ளைகளையும் சேர்த்து ஆள் போட வேண்டும்.

2020-இல் பிறந்தவர்கள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால், தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள்; பேச்சிலோ பார்வையிலோ கேட்பதிலோ ஐயம் இருந்தால் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். பதினெட்டு வயதுவரை அந்தச் சேவை இலவசம். அது பிள்ளைகளின் உரிமை.

அடுத்த வாரம்: செங்கல்பட்டு திருமணியில் கட்டி முடித்தும் இயங்காமல் கிடந்த தடுப்பூசி வளாகம்.