தைப் பனியில் நாய் ஏன் சுருண்டு படுக்கிறது?

தை அறுவடை முடிந்ததும் மேலூர்ப் பக்கத்து வயல்களில் ஆட்டுக்கிடை போடுவார்கள். காவலுக்குப் படுக்கும் கீதாரியோடு (ஆடு மேய்ப்பவரோடு) நாயும் படுக்கும். மதுரைச் சமவெளியில் அப்போது இரவு வெப்பம் சுமார் 20 டிகிரிதான். அதற்கே ஏன் நடுக்கம்?

மேகமில்லாத இரவில் நிலமும் உடலும் தங்கள் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானுக்கு இழக்கின்றன. அதைவிட மோசம் ஈரத்தரை. ஈரமண் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உடல்சூட்டை உறிஞ்சும். ஆகவே போர்வையைவிட முதலில் வேண்டியது படுக்கை. ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த வைக்கோல் பரப்பினால், தாள்களுக்கிடையே சிக்கிய அசையாக் காற்று சூட்டைத் தரைக்கு விடாது.

நாயின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி. நம்மைவிடச் சற்றே அதிகம். சிப்பிப்பாறை போன்ற நாட்டு நாய்களுக்கு ஒட்டிய வயிறு, குட்டை முடி. வெயிலுக்கு ஏற்ற உடல் அது. குளிரில் சட்டென்று சூடிழக்கும். அதனால்தான் மூக்கை வாலடியில் புதைத்துச் சுருள்கிறது: வெளிப்படும் தோல்பரப்பு குறைகிறது, மூச்சுச்சூடும் வயிற்றருகே தங்குகிறது. மனிதனை ஒட்டிப் படுத்தால் இருவருக்கும் ஒரு பக்கம் காப்பு.

அப்படிப்பட்ட நாயைக் கொடைக்கானல் மன்னவனூருக்குக் கூடாரத்தில் தங்க அழைத்துப் போகிறீர்களா? அங்கே உறைபனியே விழும். அடியில் தடித்த பாய், நாய்க்கு ஒரு கம்பளிச் சட்டை, படுக்குமுன் வயிறார உணவு கொடுங்கள். மூச்சின் ஈரம் கூடாரத் துணியில் படிந்து சொட்டாமலிருக்க மேல்திறப்பை மூடாதீர்கள். கரி அடுப்பை மட்டும் உள்ளே வைக்கவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே இருவரையும் கொன்றுவிடும்.