நடுவானில் திணறிய ஸ்பிட்ஃபயர்... காப்பாற்றிய சின்ன ஓட்டை!

1940, பிரிட்டன் வான்போர். ஜெர்மன் போர் விமானம் சட்டென மூக்கைக் கவிழ்த்து கீழே பாயும். துரத்திப் பாயும் ஸ்பிட்ஃபயரின் இன்ஜினோ திணறும். ஏன்?

ஸ்பிட்ஃபயரின் மெர்லின் இன்ஜினில் சூப்பர்சார்ஜர் இருந்தாலும், பெட்ரோல் கொடுத்தது கார்புரேட்டர்தான். விமானம் கவிழ்ந்ததும் ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் மேலே போயிடும். இன்ஜின் ஒரு நொடி பட்டினி. அடுத்து வால்வு முழுசா திறந்துக்கும். பம்ப் தள்ளும் பெட்ரோல் வெள்ளமாகப் பாய, இன்ஜினுக்கு மூச்சுமுட்டும். இந்த ரெண்டாவதுதான் பெரிய ஆபத்து.

ஃபார்ன்பரோ பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங் (பைக் ரேஸரும்கூட!) பெட்ரோல் வரும் வழியில், நடுவே ஓட்டை உள்ள சின்ன உலோகத் தடுப்பை வைத்தார். முழு பூஸ்ட்டில் இன்ஜின் குடிக்கும் அளவுக்குத்தான் ஓட்டை. சிறுசானால் பவர் போச்சு. பெருசானால் மறுபடி வெள்ளம். 1941-ல் விமானத் தளங்களுக்கே போய் மாட்டினார்கள். தலைகீழாகப் பறந்துகொண்டே இருப்பது மட்டும் அப்பவும் முடியவில்லை.