வரைபடத்தில் ஓடுமா சைக்கிள்?

ஆலைச் சங்கு ஊதுமுன் வாயிலில் நிற்க வேண்டிய தொழிலாளத் தோழனுக்கு அதுதான் வாகனம். பசைவாளியும் சுவரொட்டியும் ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் ஊர் சுற்றும் கட்சித் தோழனுக்கு அதுதான் தேர். சைக்கிள்! எண்ணெய் கேட்காது, ஏழையின் சட்டைப்பையைச் சுரண்டாது. ஆனால் சாலையில் இறங்கிவிட்டாலோ, லாரி உறுமுகிறது, பஸ் உரசுகிறது, காரிலே வருபவர் "ஓரம் போ!" என்று அதட்டுகிறார். எந்த ஓரம் போவது, தோழர்களே? ஓரத்தில் இருப்பது பள்ளம் அல்லவா!

இந்த வேதனையை உணர்ந்து வழி தேடிய கூட்டமொன்று இங்கிலாந்தில் உண்டு. ஆம், நம்மை ஆண்ட அதே நாட்டில்தான்! ஆதிக்கத்தை எதிர்த்தோம், அந்நாட்டு எளிய மக்கள் ஆற்றிய நற்பணியைச் சொல்ல நாம் தயங்குவானேன்?

1963-ல் பீச்சிங் என்பவர் இரயில்வே பற்றி அந்நாட்டு அரசிடம் ஓர் அறிக்கை கொடுத்தார். நட்டம் என்று கணக்குக் காட்டி, சுமார் 5,000 மைல் பாதையையும் 2,000-க்கு மேற்பட்ட நிலையங்களையும் மூடச் சொன்னது அந்த அறிக்கை. மூடினார்கள், ஊர் ஊராக மூடினார்கள். பிரிஸ்டல் நகரிலிருந்து பாத் நகருக்குச் செல்லும் பழைய இரயில் பாதையிலும் 1966-ல் பயணிகள் வண்டி நின்றது. பிறகு சரக்கு வண்டியும் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தனர், முள்ளும் புதரும் குடியேறின.

1977-ல் பிரிஸ்டலில் சைக்கிள் பிரியர் சிலர் கூடி ஒரு சங்கம் கண்டனர். பின்னாளில் சஸ்டிரான்ஸ் என்று பெயர் பெற்ற அமைப்பு அதுதான். கோட்டைக்கு மனுப் போட்டுவிட்டுக் கொட்டாவி விட்டுக் காத்திருந்தார்களா? இல்லை! 1979-ல் மண்வெட்டி எடுத்தனர். தொண்டர்கள் வந்தனர், அரசின் வேலைத் திட்டத்தின் கீழ் வேலையற்ற இளைஞர்களும் வந்தனர். புதரை வெட்டினர், சரளையைப் பரப்பினர், பாதையைச் சமன் செய்தனர். 1986-ல் 13 மைல் நீளமும் நிறைவுற்றது!

இரயில் பாதையை ஏன் தேர்ந்தார்கள்? அங்கேதான் சூட்சுமம். இரயில் வண்டி செங்குத்தாக ஏறமாட்டாது. அதற்காக அன்றைய தொழிலாளி குன்றைக் குடைந்தான், பள்ளத்தை நிரப்பினான், ஆற்றின் மேல் பாலம் போட்டான். அவன் சிந்திய வியர்வையால் அந்த வழி மெல்லிய சரிவாகவே செல்கிறது. முதியவரும் மூச்சு வாங்காமல் மிதிக்கலாம். கால் மைலுக்கு மேல் நீளும் சுரங்கவழி கூட அதில் உண்டு. நீராவி வண்டி புகைவிட்ட இருட்டில் இன்று விளக்கெரிகிறது, சைக்கிள் மணி ஒலிக்கிறது!

ஒரு பாதை மற்றொன்றைப் பெற்றது. 1994-ல், மேற்குக் கடலோரத்திலிருந்து கிழக்குக் கடலோரம் வரை சுமார் 140 மைல் நீளும் வழி திறக்கப்பட்டது. மேற்கே பின்சக்கரத்தைக் கடலில் நனைத்துப் புறப்பட்டு, கிழக்கே முன்சக்கரத்தை நனைத்து முடிப்பது வழக்கமாயிற்று. அந்த வழி கான்செட் என்ற ஊர் வழியே செல்கிறது. 1980-ல் எஃகு ஆலை மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்த ஊர் அது. சைக்கிள்காரர் தேநீர் குடிப்பதால் மூடிய ஆலை திறந்துவிடாது. எனினும், கைவிடப்பட்ட ஊருக்கு நாலு பேர் வந்து போக அது வழி செய்தது.

1995-ல் லாட்டரி நிதியிலிருந்து 4 கோடி பவுனுக்கு மேல் கிடைத்தது. 2000-ல் 5,000 மைல். 2018-ல் 16,000 மைலையும் தாண்டியது! நீலப் பலகைகள், சிவப்புக் கட்டத்தில் எண்கள்... வரைபடமெங்கும் கோடுகள்.

வெற்றி விழா எடுத்தார்களா? இல்லை. அந்த ஆண்டிலேயே அவர்கள் தங்களைத் தாங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டனர். 12 வயதுப் பிள்ளை தனியாக இந்த வழியில் போய்வர முடியுமா? விடை கசந்தது. மூன்றில் இரு பங்கு, வண்டிகள் விரையும் சாலை மீதே போட்ட கோடு! நூற்றுக்கு 42 பங்கு மிக மோசம் என்று அவர்களே அறிவித்தனர். 2020-ல் ஏறத்தாழ கால் பங்கைத் தங்கள் வரைபடத்திலிருந்து நீக்கினர். பாதை சுருங்கியது, நாணயம் வளர்ந்தது!

புள்ளிவிவரத்தைப் பெருக்கிக் காட்டும் ஆட்சிகள் ஏராளம். இது பாதையல்ல, பலகை மட்டுமே என்று ஒப்புக்கொண்டு திருத்த முனைவோர் எத்தனை பேர்?

நம் தமிழகத்திலே பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி கிடைக்கிறது. வரவேற்கிறோம், வாழ்த்துகிறோம். ஆனால் அந்த வண்டியில் ஏறும் பதினொன்றாம் வகுப்புப் பெண், நெடுஞ்சாலையைக் கடந்து பள்ளி சென்று திரும்பும் வரை, வாசலில் நிற்கும் தாயின் நெஞ்சு படபடக்கிறதே, அதற்கு மருந்து என்ன?

தோழர்களே! உங்கள் ஊரில் அடுத்த முறை புதுச் சாலைக்கு நாடா வெட்ட வருவோரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "ஐயா, 12 வயதுப் பிள்ளை இதில் தனியாகச் சைக்கிள் விடலாமா?" ஆம் என்றால் மாலை போடுங்கள். இல்லையென்றால், மண்வெட்டியைக் காட்டுங்கள். வேலை இன்னும் முடியவில்லை என்பது அவருக்கு விளங்கட்டும்!